பிரிகாமியா பூவில் கையால் மகரந்தம் சேர்த்து விதை எடுப்பது எப்படி?

என்னிடம் இருக்கும் இரண்டு பிரிகாமியா செடிகளும் இரண்டு வருடம் நன்றாகவே பூத்தன. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. மூன்றாவது வருடம் ஏழு காய்கள். இடையில் உரத்தையும் மாற்றவில்லை, தொட்டியையும் மாற்றவில்லை. பிரஷ்ஷை எந்த நாளில் கையில் எடுக்க வேண்டும் என்பது மட்டும் பிடிபட்டது.

பிரிகாமியா ஹவாய்த் தீவுகளுக்கே உரிய பேரினம். அதில் இரண்டே இனங்கள். காவாய், நீஹாவ் தீவுகளைச் சேர்ந்த இன்சிக்னிஸ் மஞ்சளாகப் பூக்கும். இதை அங்கே ஆலுலா என்பார்கள். மொலோக்காய் தீவுப் பக்கத்து ராக்கி இனம் வெள்ளையாகப் பூக்கும். 1867-இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஏசா கிரே இந்தப் பேரினத்துக்குப் பெயரிட்டார். கடைகளில் ‘ஹவாய்ப் பாம்’ என்று விற்றாலும் பனைக்கும் இதற்கும் உறவில்லை.

இதன் பூ நீண்ட குழல். அதன் அடிவரை எட்டும் நாக்குள்ள அந்துப்பூச்சிதான் மகரந்தம் சுமந்திருக்க வேண்டும் என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். காட்டில் அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போனது. ஆடுகள் மேய்ந்தன, 1982-இல் ஈவா புயலும் 1992-இல் இனிக்கி புயலும் வந்தன. 1970-களிலேயே ஸ்டீவ் பெர்ல்மேன் என்ற தாவரவியலாளர் கடலோரச் செங்குத்துப் பாறைகளில் கயிற்றில் இறங்கி, ஒவ்வொரு பூவுக்கும் பிரஷ்ஷால் மகரந்தம் தொட்டு வைத்தார். நமக்குக் கயிறு வேண்டாம், அதே பிரஷ் போதும்.

1. பூவைப் பாருங்கள்

நான் தவறவிட்டது இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். குழலின் வாயில் ஒரு சின்னத் தண்டு தெரியும். ஐந்து மகரந்தப்பைகளும் ஒட்டி ஒரே குழாயாக ஆனதுதான் அது. மகரந்தத்தை அவை அந்தக் குழாய்க்குள்ளேயே கொட்டும். பூவின் பெண் உறுப்பான சூல்தண்டு உள்ளிருந்து வளர்ந்து, சிரிஞ்சின் உள்தண்டு போல அந்தப் பொடியை நுனி வழியாக வெளியே தள்ளும். இது ஆண் பருவம். பூ புதிதாக, மணமாக இருக்கும். ஆனால் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடி அப்போது இறுக மூடியிருக்கும். எவ்வளவு மகரந்தம் தடவினாலும் பலன் இல்லை. இரண்டு வருடமும் நான் பூ விரிந்த அன்றே தடவி முடித்துவிட்டிருந்தேன்.

சில நாட்கள் கழித்து அந்த நுனியைத் தாண்டி சூல்முடி எட்டிப் பார்க்கும். இரண்டு சின்ன உதடுகளாகப் பிரிந்து, உட்பக்கம் ஈரமாக மினுங்கும். அதுதான் பெண் பருவம். அன்றுதான் தடவ வேண்டும். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான் ஒவ்வொரு பூக்காம்பிலும் நூல் கட்டி, விரிந்த தேதியைக் குறித்து வைக்கிறேன்.

2. எடுத்து வைப்பதும் தடவுவதும்

பஞ்சுக் குச்சி வேண்டாம், பஞ்சு மகரந்தத்தை விழுங்கிவிடும். மெல்லிய ஓவிய பிரஷ்தான் என் தேர்வு. புதுப் பூவின் குழாய் நுனியைக் கீழிருந்து மேலாக மெதுவாக நெருடினால் பொடி பிரஷ்ஷில் ஏறும். அதை இன்னொரு செடியின் விரிந்த சூல்முடியில் தொட்டு வையுங்கள். மறுநாளும் ஒருமுறை தொடுங்கள்.

எதிர்ச்செடியின் பூ இன்னும் தயாராகவில்லையா? மகரந்தத்தைக் காகிதத்தில் மடித்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரம் வைத்ததும் எனக்குப் பலித்தது.

3. காய்

பிடித்த காய் பச்சையாகப் பருக்கும், அப்புறம் காய்ந்து பக்கவாட்டில் வெடிக்கும். விதை ஒரு மில்லிமீட்டர் அளவுதான். முதல் காயின் விதைகள் முழுக்கத் தொட்டி மண்ணில் கலந்துபோனதில் எனக்கு மிகவும் வருத்தம். நிறம் மாறத் தொடங்கியதுமே மெல்லிய வலைத்துணியால் காயைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

4. விதைப்பு

தண்ணீர் தேங்காத கலவை வேண்டும். நான் பாதிக்குப் பாதி பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துணுக்குகள்) சேர்க்கிறேன். விதையை மேலே தூவினால் போதும், மண் போட்டு மூடாதீர்கள். வெளிச்சம் பட வேண்டும். ஸ்ப்ரேயால் ஈரப்படுத்தி, தெளிவான மூடி போட்டு, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் பச்சைப் புள்ளிகள் தெரியும். முளைத்ததும் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நாற்று அடியோடு அழுகிச் சாயும்.

பின்சேர்க்கை: தடவிய பூ முழுசாக உதிர்ந்துவிட்டது என்று இருவர் எழுதியிருந்தார்கள். பயப்பட வேண்டாம். இந்தச் செடியில் விதை உருவாகும் சூலகம் இதழ்களுக்குக் கீழே இருக்கிறது. மஞ்சள் குழல் உதிர்ந்த பிறகும் காம்பு நுனியில் பச்சை முடிச்சு நின்றால், காய் பிடித்திருக்கலாம். காம்போடு மஞ்சளித்து விழுந்தால்தான் பலிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று: ஒரே செடிதான் இருக்கிறது என்றால்? ஒரு கொத்தில் பூக்கள் ஒரே நாளில் விரிவதில்லை. மூத்த பூ பெண் பருவத்துக்கு வரும்போது இளைய பூ மகரந்தம் தள்ளிக்கொண்டிருக்கும். அதிலிருந்து இதற்குத் தொட்டுப் பாருங்கள். ஆனால் வேறு செடி வைத்திருப்பவர் யாராவது கிடைத்தால் மகரந்தப் பொட்டலத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நாம் வளர்க்கும் செடிகள் பலவும் நெருங்கிய சொந்தங்களாக இருக்கலாம். நாற்றுகளில் கலப்பு கூடுவது நல்லது.