பழைய தாரா, பழைய ஜிம்னியா? அளவு நாடாவும் ஜாக்கியும் சொன்ன பதில்

கொல்லிமலையில் மாமனாருக்கு ஒரு சிறிய மிளகுத் தோட்டம் இருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, தார்ச்சாலை முடிந்த பிறகும் மூன்று கிலோமீட்டர் மண் தடம். மாதத்தில் இரண்டு முறை அங்கே போக வேண்டும். மற்ற நாட்களில் அதே வண்டி நாமக்கல்லில் மகளைப் பள்ளியில் விட வேண்டும், அத்தையை மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். புதிய வண்டிக்குப் பணம் இல்லை. பழையதில் தேடினால் கடைசியில் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சின: 2020 அக்டோபரில் வந்த மஹிந்திரா தார், 2023 ஜூனில் வந்த ஐந்து கதவு மாருதி சுசூகி ஜிம்னி.

2எச் என்றால் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும், 4எச் என்றால் நான்கும் இழுக்கும், 4எல் என்றால் நான்கும் மெதுவாக, கூடுதல் விசையுடன் இழுக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 1: வீட்டில் முதியவர் இருந்தால் அவரையும் அழைத்துப்போங்கள்

இரண்டுமே நான்கு பேருக்கான வண்டிகள். குடும்பத்தில் ஐந்து பேர் என்றால் இத்துடன் நிறுத்திவிட்டு வேறு வண்டி பார்க்கலாம். தாரின் தொடக்கக்கால ஏஎக்ஸ் வகையில் பக்கவாட்டில் பார்த்து உட்காரும் ஆறு இருக்கை வண்டிகளும் வந்தன. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

தாரில் பின் இருக்கைக்குத் தனிக் கதவு கிடையாது. முன் இருக்கையை மடக்கிவிட்டு அந்த இடுக்கில் நுழைய வேண்டும். அத்தை ஒரு காலைப் படியில் வைத்தார். ஒரு கையால் சேலைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் எதைப் பிடிப்பது என்று தேடினார். பிறகு மெல்ல இறங்கி, "மாப்பிள்ளை, உங்களுக்குப் பிடித்திருந்தால் இதையே வாங்குங்கள். நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன்" என்றார். அரை மணி நேரம் இணையத்தில் படித்த ஒப்பீடுகளெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடிபட்டுப் போயின.

தாருக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2020இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர், குழந்தை இரு பிரிவிலும் நான்கு நட்சத்திரம் வாங்கிய வண்டி அது. ஜிம்னியில் எல்லா வகையிலும் ஆறு ஏர்பேக் உண்டு. பின் இருக்கையை மடக்காமல் ஜிம்னியில் 208 லிட்டர் சாமான் இடம் இருக்கிறது. அதில் ஒரு மிளகு மூட்டையும் இரண்டு பைகளும் அடங்கும், பலாப்பழம் மடியில்தான்.

படி 2: நீங்கள் போகும் தடத்தை அளந்து பாருங்கள்

காரை அளப்பவர்கள் உண்டு, தடத்தை அளப்பவர்கள் குறைவு. எங்கள் தடத்தில் இரண்டு பாறைகளுக்கு இடையே மிகக் குறுகிய இடம் சரியாக இரண்டு மீட்டர். தாரின் அகலம் 1,820 மில்லிமீட்டர். பக்கத்துக்கு ஒன்பது சென்டிமீட்டர் மிச்சம், கண்ணாடிகளை மடக்கிய பிறகு. ஜிம்னி 1,645 தான். பக்கத்துக்கு ஏறக்குறைய பதினெட்டு சென்டிமீட்டர் கிடைக்கிறது. மழையில் வழுக்கும்போது அந்த ஒன்பது சென்டிமீட்டரின் அருமை தெரியும்.

உங்கள் தடத்தில் ஓடை குறுக்கிட்டால் கணக்கு மாறும். தார் 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. தரை இடைவெளியும் தாருக்கு 226, ஜிம்னிக்கு 210. இழுவையில் போட்டியே இல்லை: தாரின் 2.2 லிட்டர் டீசல் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது, ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் 134. நான்கு பேருடன் கொல்லிமலை ஏறும்போது ஜிம்னியில் பல வளைவுகளில் இரண்டாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது, சில இடங்களில் ஏசியை அணைத்துவிடுகிறேன். ஆனால் ஜிம்னி சுமார் 1,200 கிலோதான். தார் அதைவிட அரை டன் வரை கூடுதல். சேற்றில் எடை குறைந்த வண்டி தப்பித்துக்கொள்கிறது.

இன்னொன்று: 2023 ஜனவரி முதல் பின்சக்கர ஓட்டம் மட்டும் உள்ள தாரும் விற்பனைக்கு வந்தது. வெளியே பார்த்தால் வேறுபாடு சட்டென்று தெரியாது. கியர் கம்பிக்குப் பக்கத்தில், 2எச், 4எச் மாற்றும் இரண்டாவது கம்பி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

படி 3: காகிதங்கள்

ஆர்.சி.யில் எத்தனையாவது உரிமையாளர், கடன் பதிவு நீக்கப்பட்டதா, நிலுவை அபராதம் உண்டா என்பதை எம்பரிவாகன் செயலியில் பார்த்துவிடலாம். கைமாற்றத்துக்குப் படிவம் 29, 30. வெளிமாநில வண்டி என்றால் தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28. உயர்த்திக் கட்டிய, பெரிய டயர் மாட்டிய வண்டியைத் தொடாதீர்கள். தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றியவர் தப்பிவிடுவார், வாங்கியவர் மாட்டிக்கொள்வார்.

படி 4: முன் சக்கரம் உண்மையிலேயே இழுக்கிறதா?

இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான். இதற்கு முன் நான் வாங்கிய பழைய வண்டியில் (எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை) விற்றவர் கம்பியை 4எச்சுக்குத் தள்ளிக் காட்டினார், விளக்கு எரிந்தது, நான் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். ஐப்பசி மழையில் தோட்டத்துக்குக் கீழே கடைசி ஏற்றத்தில் வண்டி நின்றது. விளக்கு பச்சையாக எரிந்துகொண்டே இருந்தது. பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. இறங்கிப் பார்த்தால் முன் சக்கரங்கள் இரண்டும் அசையாமல் நின்றன. கம்பி நகர்ந்ததை விளக்கு சொன்னது. சக்கரத்துக்கு இழுவை போனதா என்பது அதற்குத் தெரியாது.

அன்றிலிருந்து வண்டி பார்க்கப் போகும்போது என் ஜாக்கியையும் எடுத்துப்போகிறேன். வண்டியோடு வரும் கத்தரி ஜாக்கி எனக்குப் பிடிக்காது, ஆடும். இரண்டு டன் ஹைட்ராலிக் ஜாக்கி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாழ்நாள் முழுவதும் உழைக்கும். முந்நூறு ரூபாய்க்கு விற்கும், வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் ஓபிடி கருவிகளை நம்புகிறவர்கள் நம்பட்டும். இந்தக் கோளாறை அவை காட்டித் தருவதில்லை.

செய்வது இப்படி. மண் தரையில் 4எச் போட்டு நேராகப் பத்து, பதினைந்து மீட்டர் மெதுவாக ஓட்டுங்கள். அதே நிலையில் சமமான கெட்டித் தரைக்கு வந்து நின்று இன்ஜினை அணையுங்கள். கம்பியைத் தொடாதீர்கள். கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை முட்டுக் கொடுங்கள். கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கி வைத்து, ஒரே ஒரு முன் சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து இரண்டு விரற்கடை தூக்குங்கள். வண்டிக்குக் கீழே தலையையோ கையையோ விடாதீர்கள்.

இப்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். கொஞ்சம் ஆடி, "டக்" என்று நின்றால் முன் அச்சு சேர்ந்திருக்கிறது. சும்மா சுழன்றால் சேரவில்லை. விளக்கு எரிந்தாலும் அப்படித்தான். பிறகு வண்டியை இறக்கி, 2எச்சுக்கு மாற்றி, கொஞ்சம் ஓட்டிவிட்டு மறுபடி தூக்குங்கள். இந்த முறை சக்கரம் சுழல வேண்டும். சுழலாவிட்டால் முன் அச்சு விடுபடவில்லை என்று பொருள். இரண்டு சோதனைக்கும் சேர்த்து இருபது நிமிடம் ஆகும். விற்பவர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

படி 5: சேறும் தண்ணீரும் விட்ட தடயங்கள்

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கு இழுங்கள். சுருளுக்குள் இருந்த பகுதியில் மண் கோடு தெரிந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கிறது. டிஃபரென்ஷியல் (அச்சின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டி) எண்ணெயை மெக்கானிக்கை விட்டுத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கீறல்கள் இருக்கலாம், வளைவு இருக்கக் கூடாது.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 3222 என்றால் 2022ஆம் ஆண்டின் 32ஆம் வாரம். ஸ்டெப்னியின் எண்ணையும் மற்ற நான்கோடு ஒப்பிடுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு நான் வாங்கியது ஜிம்னி, மேனுவல் கியர், இரண்டாவது கை. அதற்கு முந்தைய வாரம் பார்த்த தார் இயந்திரத்தில் இதைவிடச் சுத்தமான வண்டி. அத்தை இல்லாத வீடாக இருந்தால் அதைத்தான் வாங்கியிருப்பேன். மொட்டைக் கூரைத் தாரில் போக வேண்டும் என்று மகள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிற்சேர்க்கை 1: ஒரு வாசகர் படி 4ஐச் செய்து பார்த்து, 4எச்சிலும் சக்கரம் சுழல்கிறது, ஏமாந்துவிட்டேன் என்று எழுதினார். கேட்டுப் பார்த்ததில் முன் சக்கரங்கள் இரண்டையும் தூக்கியிருக்கிறார். அப்படித் தூக்கினால் நல்ல வண்டியிலும் ஒன்று முன்னால் சுழல மற்றொன்று பின்னால் சுழலும். ஒன்று தரையில் இருந்தே ஆக வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும், மேலே திருத்திவிட்டேன்.

பிற்சேர்க்கை 2: இன்னொருவர் நின்ற இடத்திலேயே 4எச் போட்டுச் சோதித்திருக்கிறார். விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் பற்கள் இன்னும் சேரவில்லை. கொஞ்சம் உருண்டு, விளக்கு நிலைத்த பிறகுதான் ஜாக்கி. சோதனை முடிந்ததும் 2எச்சுக்கு மாற்ற மறந்து தார்ச்சாலையில் திருப்பாதீர்கள். திருப்பங்களில் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஸ்டீயரிங் கனக்கும், அச்சுகள் முறுகும்.

பிற்சேர்க்கை 3: ஐந்து கதவுத் தார் ராக்ஸ் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வந்த வண்டி, ஐந்து பேர் உட்காரலாம், அத்தையும் ஏறிவிடுவார். ஆனால் அதன் அகலம் 1,870 மில்லிமீட்டர். என் பாறைகளுக்கு நடுவே பக்கத்துக்கு ஆறரை சென்டிமீட்டர்தான் மிஞ்சும், நான் துணியமாட்டேன். உங்கள் பாறைகளை நீங்கள்தான் அளக்க வேண்டும்.