பாதரசம்: எந்த மீனை வாங்குவது, உடைந்த தெர்மோமீட்டரை என்ன செய்வது

மலையகத்துக்குக் கடல் மீன் ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வரும், இல்லாவிட்டால் கருவாடாக வரும். சந்தையில் செவுளைத் தூக்கிப் பார்ப்பது மீன் புதுசா என்று அறிய. பாதரசத்துக்கு அந்தப் பார்வை உதவாது. மீனில் கலந்திருக்கும் பாதரசத்துக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. பார்க்க வேண்டியது மீனின் இனத்தையும் பருமனையும்தான்.

நீரில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெதைல் பாதரசம் என்ற, உடலில் தங்கும் நச்சு வடிவமாக மாற்றுகின்றன. சின்ன மீனில் அது கொஞ்சமாக இருக்கும். சின்ன மீன்களைத் தின்றே பல வருடம் வாழும் பெரிய மீனில் சேர்ந்து பெருகிவிடும். நெத்தலி, சாளை, சூடை, கீரி, கும்பளா, குளத்துத் திலாப்பியா, மெக்கரல் டின் மீன் எல்லாம் தயங்காமல் வாங்கலாம். சுறா, தலபத், கொப்பரா மூன்றையும் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், சிறுபிள்ளைகள் தொடவே வேண்டாம். கெலவல்லா, அறக்குளா என்றால் வாரத்தில் ஒரு வேளை. அந்த வாரம் வேறு மீன் வேண்டாம்.

கழுவினாலும், தோலை உரித்தாலும், புளி விட்டுக் கொதிக்க வைத்தாலும் இது போகாது. சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்தால் உப்புதான் இறங்கும். காயும்போது தண்ணீர் போகிறது, பாதரசம் அப்படியே நிற்கிறது. அதனால் எடைக்கு எடை பார்த்தால் பச்சை மீனைவிடக் கருவாட்டில் அதிகம்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று சுறா சமைத்துக் கொடுப்பது அன்பில் வந்த வழக்கம். ஆனால் காய்ந்த துண்டைப் பார்த்து அது குட்டிச் சுறாவா, கிழட்டுச் சுறாவா என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளைப்பூடு தட்டிப் போட்ட சாளைக் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் கொடுங்கள்.

பயந்து மீனையே நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர மீனிலுள்ள எண்ணெய்ச் சத்து உதவும். பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்து, கர்ப்பிணிக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை, வேளைக்குச் சுமார் 110 கிராம். 1 முதல் 3 வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் இரண்டு வேளை, வேளைக்கு 30 கிராம் போதும். உடலில் சேர்ந்த மெதைல் பாதரசம் பாதியாகக் குறையவே 50 முதல் 70 நாள் பிடிக்கும். ஆகவே கர்ப்பம் தரித்த பிறகல்ல, பிள்ளைக்கு ஆசைப்படும்போதே, ஐந்தாறு மாதம் முன்னால் சுறாவை விடுங்கள்.

இனி காய்ச்சல் பார்க்கும் பாதரசத் தெர்மோமீட்டர். லயத்துக் காம்பராவில் அது உடைந்தால் ஆபத்து பாதரச ஆவியில்தான். குளிருக்குக் கதவடைத்த சின்ன அறை, பக்கத்திலேயே அடுப்பு. சூடு ஏற ஏற ஆவி கூடும். முதலில் பிள்ளைகளை வெளியே அனுப்பி, அடுப்பை அணைத்து, கதவு ஜன்னலைத் திறங்கள். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். தங்கத்தில் பட்டால் பாதரசம் ஒட்டி வெளுத்துவிடும். கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, டோர்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் பாதரச மணிகள் மினுங்கும். கொப்பி அட்டையால் ஒன்றாகத் தள்ளி, மருந்துச் சொட்டுக் குழாயால் உறிஞ்சி, கொஞ்சம் தண்ணீர் உள்ள போத்தலில் விடுங்கள். சிமெந்து வெடிப்பில் இருப்பதை ஒட்டு டேப்பால் ஒற்றி எடுங்கள். கண்ணாடித் துண்டு, டேப், அட்டை எல்லாவற்றையும் பையில் கட்டி, மூடி இறுக்கிய போத்தலோடு ஆஸ்பத்திரியில் கேட்டு ஒப்படையுங்கள்.

விளக்குமாறு போடவே கூடாது. ஒரு மணி நூறாக உடைந்து ஆவி கூடும். அடுப்பிலும் கானிலும் போடாதீர்கள். பாதரசம் சிந்திய பாயையும் துணியையும் துவைக்க முயலாமல் பையில் கட்டிவிடுங்கள். ஒரு நாள் முழுக்க அறை காற்றோட்டமாக இருக்கட்டும்.

முகம் வெளுக்கும் கிரீமையும் பாருங்கள், சிலதில் பாதரசம் கலந்திருக்கும். சேர்மானப் பட்டியலே இல்லாவிட்டால், அல்லது ‘கலோமெல்’, ‘மெர்குரி’ (இரண்டும் பாதரசம்தான்) என்றிருந்தால், வெள்ளி, அலுமினிய நகையில் படக்கூடாது என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள். பாதரசம் தோல் வழியே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே பூசியிருந்து கைநடுக்கம், விரல் மரப்பு, முகவீக்கம் இருந்தால் கிரீம் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். எவ்வளவு காலம் பூசினீர்கள் என்று சொல்லுங்கள், சிறுநீர்ப் பரிசோதனை எழுத அது உதவும்.