சிஃப்னோஸ் தீவில் நான்கு இரவு: முதன்முறை போகிறவர்களுக்கான செய்முறை

கிரேக்கத் தீவு என்றதும் பாதிப் பேர் சாண்டொரினிக்கு டிக்கெட் போடுகிறார்கள். படம் எடுக்க வரிசை, சூரியன் மறைவதைப் பார்க்க வரிசை என்று போனால் அதில் ஓய்வுக்கு எங்கே நேரம்? சும்மா நாலு நாள் கடலைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் நடந்து, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்றால் சிஃப்னோஸ் போங்கள். ஏதென்ஸுக்குத் தெற்கே, சைக்ளடீஸ் தீவுக் கூட்டத்தின் மேற்குப் பக்கம் இருக்கிறது. சுமார் 74 சதுர கிலோமீட்டர், மூவாயிரத்துக்கும் குறைவான மக்கள். விமான நிலையம் கிடையாது. அந்தக் குறைதான் தீவைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஒன்றை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: ஒரே தீவு, ஒரே அறை. ‘அவ்வளவு தூரம் போகிறோம், பக்கத்திலேயே மீலோஸ், செரிஃபோஸ் இருக்கிறதே’ என்று தோன்றும். ஒவ்வொரு தாவலுக்கும் பெட்டி கட்டுவது, துறைமுகத்தில் காத்திருப்பது, புது அறை தேடுவது என்று அரை நாள் போய்விடும். குறுகிய பயணத்துக்கு அது கட்டுப்படியாகாது.

படி 1: தேதி

மே கடைசியிலிருந்து ஜூன் வரை, அல்லது செப்டம்பர். ஜூலை, ஆகஸ்டில் மெல்தெமி என்ற வடகாற்று ஏஜியன் கடலைப் புரட்டி எடுக்கும்; கூட்டமும் அப்போதுதான். ஆகஸ்ட் 15 மாதா திருநாளை ஒட்டி ஏதென்ஸே தீவுகளுக்கு வந்துவிடுகிறது, அந்த வாரத்தைத் தொடவே வேண்டாம். அக்டோபர் பாதிக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாக மூட ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று: நீங்கள் தங்கும் நாட்களில் கட்டாயம் ஒரு ஞாயிறு மதியம் இருக்க வேண்டும். வியாழன் போய்த் திங்கள் திரும்பினால் சரியாக வரும். காரணம் சாப்பாடு, பின்னால் சொல்கிறேன்.

படி 2: விசா

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா, அதாவது கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா, வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது போனால் எடுக்க மாட்டார்கள். கோடைக்கு முன் விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பது கஷ்டம், மூன்று மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்பீடும் வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளுக்கு அப்புறம் இன்னும் மூன்று மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிவு செய்யுங்கள்.

படி 3: கப்பல்

ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பல். ஃபெரிஹாப்பர் போன்ற இணையதளங்களில் எல்லா நிறுவனங்களின் நேரத்தையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். விரைவுக் கப்பல் இரண்டரை, மூன்று மணி நேரத்தில் போகும். சாதாரணக் கப்பலுக்கு ஐந்து மணி நேரம் போல ஆகும், விலை குறைவு. நான் சாதாரணக் கப்பலைத்தான் சொல்வேன். மேல்தளத்தில் காற்றாட உட்காரலாம். விரைவுக் கப்பல்களில் பலவற்றில் உள்ளேயே அடைந்து கிடக்க வேண்டும். அலை அடித்தால் வயிறு புரட்டும்.

விமான நிலையத்திலிருந்து பிரேயஸுக்கு மெட்ரோ மூன்றாம் தடம் நேராகப் போகிறது, ஒரு மணி நேரம். நள்ளிரவில் இறங்கினால் எக்ஸ்96 பேருந்து 24 மணி நேரமும் ஓடுகிறது. துறைமுகம் பெரியது, உங்கள் கப்பல் எந்த வாயில் என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சில வாயில்களுக்கு மெட்ரோவிலிருந்து கால் மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும்.

ஏறியதும் கீழ்த்தளத்தில், வண்டிகள் நிறுத்தும் இடத்தில், தீவுப் பெயர் எழுதிய அடுக்குகள் இருக்கும். சிஃப்னோஸ் என்று போட்டதில் பெட்டியை வைத்துவிட்டு மேலே போங்கள். செரிஃபோஸ் தாண்டியதும் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த உடனே கீழே இறங்கிப் பெட்டியோடு தயாராக நிற்க வேண்டும். டீசல் வாடை, சங்கிலிச் சத்தம். கப்பல் கரையைத் தொடும் முன்பே பின்கதவு மெல்லக் கீழே சாயும். அதன்பின் சில நிமிடம்தான் நிற்கும். நிதானமாக எழுந்து வரலாம் என்று இருந்தால் அடுத்த தீவில்தான் இறங்குவீர்கள்.

படி 4: அறை

கப்பல் நிற்கும் இடம் கமாரெஸ். அங்கேயே மணல் கடற்கரை உண்டு, சோம்பல் என்றால் அங்கேயே தங்கலாம். என் சிபாரிசு மலைமேல் உள்ள அர்த்தெமோனாஸ். தலைநகர் அப்போலோனியாவிலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. பேருந்தும் உணவகமும் எட்டும் தூரம், இரவில் அமைதி. அப்போலோனியாவில் மதுக்கடைச் சந்து இருக்கிறது, அதை ஒட்டி அறை எடுக்காதீர்கள். கடலிலேயே கிடக்க வேண்டும் என்றால் பிளாட்டிஸ் கியாலோஸ். அறை வாடகை போக, இரவுக்கு இவ்வளவு என்று ஒரு அரசு வரி உண்டு. அதை அங்கே போய்த்தான் கட்ட வேண்டும்.

வாடகைக் கார் தேவையில்லை. ஊர்களையும் முக்கியக் கடற்கரைகளையும் பேருந்து இணைக்கிறது. நிறுத்தத்தில் உள்ள நேரப் பட்டியலைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

படி 5: சாப்பாடு

சிஃப்னோஸ் களிமண்ணுக்கும் குயவர்களுக்கும் பேர் போன தீவு. சமையலும் சட்டியிலிருந்தே பிறந்தது. ரெவிதாதா என்பது கொண்டைக்கடலைச் சமையல். கடலை, வெங்காயம், பிரிஞ்சி இலை, ஆலிவ் எண்ணெய், தண்ணீர். அவ்வளவுதான் உள்ளே போவது. மூடிபோட்ட மண்சட்டியில் சனிக்கிழமை சாயங்காலம் விறகு அடுப்புக்குள் வைப்பார்கள். ராத்திரி முழுக்க அணைந்துபோகும் சூட்டில் வெந்து, ஞாயிறு காலை பூசை முடிந்து வருகிறவர்களுக்குத் தயாராக இருக்கும். கடலை உடையாமல், நாக்கால் அழுத்தினாலே கரையும். வெங்காயம் இருந்த இடமே தெரியாது. மேலே எலுமிச்சை பிழிந்து ரொட்டியோடு சாப்பிட வேண்டும். மிளகாய் இல்லையே என்று முதல் வாய்க்கு ஏங்குவீர்கள், இரண்டாவது வாய்க்கு மறந்துவிடும். மதியம் சீக்கிரம் போங்கள், தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான்.

மற்ற நாட்களில் ரெவிதோகெஃப்தேதெஸ் கேளுங்கள், மசால்வடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. அப்புறம் கேப்பர் மொட்டு சாலட், மிசித்ரா பாலாடைக்கட்டி. அசைவர்களுக்கு மஸ்தெலோ: ஆட்டுக்கறியைச் சிவப்பு ஒயினும் சோயிக்கீரையும் (டில்) சேர்த்துச் சட்டியில் வேகவைப்பது.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘நிஸ்தீசிமோ’ என்றால் நோன்புச் சாப்பாடு, அதில் இறைச்சியும் பாலும் இருக்காது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் கணவாய், ஆக்டோபஸ், இறால் எல்லாம் அவர்கள் நோன்பில் சேர்த்தி. கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

படி 6: நாளைக்கு ஒரு வேலை மட்டும்

ஒரு நாள் காலை அர்த்தெமோனாஸிலிருந்து காஸ்ட்ரோவுக்கு நடந்து இறங்குங்கள். 1836 வரை இதுதான் தலைநகர். வெளிவரிசை வீடுகளின் முதுகுச் சுவரே கோட்டைச் சுவர். கீழே, கடலுக்குள் நீளும் பாறையில் ஏழு வேதசாட்சிகளின் வெள்ளைச் சிற்றாலயம். இந்தச் சின்னத் தீவு தங்கம், வெள்ளிச் சுரங்கங்களால் ஒருகாலத்தில் தீவுகளிலேயே பெரும் பணக்காரத் தீவாக இருந்தது என்று பழங்கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அந்தக் காசில் கி.மு. 525 வாக்கில் கிரேக்கப் புனிதத் தலமான டெல்ஃபியில் கட்டிய பளிங்குக் கருவூலத்தின் சிற்பங்கள் இன்றும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. திரும்பும்போது ஏற்றம், பேருந்தைப் பிடியுங்கள்.

இன்னொரு நாள் பேருந்தில் ஃபாரோஸ் போய், கரையோரப் பாதையில் கிரிசோபிகி மடாலயத்துக்கு. கரையிலிருந்து பிளந்து நிற்கும் பாறைமேல் இருக்கிறது, சின்னப் பாலம் வழியாகப் போகலாம். பக்கத்திலேயே அப்போகோஃப்தோ கடற்கரை. பாதைகளில் எண் போட்ட பலகைகள் உண்டு, நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

மதியம் மூன்றிலிருந்து ஐந்தரை வரை ஊரே தூங்கும். சட்டப்படியே அமைதி நேரம். நீங்களும் தூங்குங்கள். இரவுச் சாப்பாடு ஒன்பது மணிக்குத்தான் சூடு பிடிக்கும்.

படி 7: திரும்புதல்

காற்று பலமாக வீசினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். சில சமயம் மாலுமிகள் வேலைநிறுத்தமும் வரும். அதனால் விமானம் ஏறும் நாளில் தீவில் இருக்கவே கூடாது. முந்தைய இரவு ஏதென்ஸில் தங்குவதுபோலத் திட்டமிடுங்கள். காற்றால் கப்பல் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தருவார்கள், அல்லது வேறு கப்பலில் மாற்றித் தருவார்கள். டிக்கெட் எடுக்கும்போது கொடுக்கும் கைபேசி எண், கிரீஸில் வேலை செய்யும் எண்ணாக இருக்கட்டும். நேர மாற்றமெல்லாம் குறுஞ்செய்தியில்தான் வரும்.