டி2-வில் கணக்கு திறக்கப் போகிறீர்களா? காகிதத்தில் தொடங்குங்கள்

யூரோவில் பெரிய தொகைகள் வங்கிக்கு வங்கி நகரும் பாதைதான் டி2. பழைய டார்கெட்2-வை மூடிவிட்டு 2023 மார்ச் 20-இல் இது வந்தது. ஆசிய வங்கிகளின் ஃப்ராங்க்ஃபர்ட் கிளைகளுக்கு இதில் சேரும் விண்ணப்பங்களைத் தயார் செய்து கொடுப்பது என் வேலை. வருகிறவர்கள் எடுத்தவுடன் மென்பொருளைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் கேட்பது வேறு: உங்களுக்கு நேரடிக் கணக்கு தேவைதானா?

தினமும் பத்துப் பன்னிரண்டு பேமெண்ட் போகிற கிளைக்கு, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு வங்கியின் வழியாக அனுப்புவதே போதும். உங்கள் பிஐசி, அதாவது வங்கியை அடையாளம் காட்டும் குறியீடு, அவர்கள் கணக்கோடு பதிவாகும். பேமெண்ட் அவர்கள் கணக்கில் தீரும், அதாவது பணம் இறுதியாகக் கைமாறும். கட்டணம் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். வாடிக்கையாளரின் பணம் எப்போது வெளியேற வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் மட்டும் நேரடியாகப் போங்கள்.

சரி, நேரடிதான் என்று முடிவாகிவிட்டதா? விண்ணப்பம் ஐரோப்பிய மத்திய வங்கிக்குப் போகாது. நீங்கள் இருக்கும் நாட்டின் மத்திய வங்கிக்குத்தான் போகும்; ஜெர்மனியில் அது புண்டஸ்பாங்க். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே தலைமையகம் உள்ள வங்கி, அந்தப் பகுதிக்குள் இருக்கும் கிளை மூலம் சேரலாம். ஆனால் தாய்நாட்டுச் சட்டம் பற்றி வழக்கறிஞரின் எழுத்துமூலக் கருத்து வேண்டும். தலைமையகம் திவாலானால், டி2-வில் ஏற்கெனவே தீர்ந்த பேமெண்ட்டை உங்கள் தாய்நாட்டு நீதிமன்றம் திருப்பிக் கேட்குமா? மத்திய வங்கியின் கவலை அதுதான். பெரும்பாலான தாமதம் இங்கேதான் வருகிறது. வழக்கறிஞரை இன்றே பிடியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அதன்பின் கணக்குகள். ஒன்று முதன்மைப் பணக் கணக்கு. மத்திய வங்கியோடு நடக்கும் கொடுக்கல் வாங்கல் அதில். இன்னொன்று ஆர்டிஜிஎஸ் கணக்கு, பேமெண்ட்டை ஒவ்வொன்றாக உடனுக்குடன் தீர்ப்பதற்கானது. பேமெண்ட் போவது அதிலிருந்து. எண்ணைப் பார்த்தாலே எது எதுவென்று தெரியும்: முதல் எழுத்து 'எம்' என்றால் முதன்மை, 'ஆர்' என்றால் ஆர்டிஜிஎஸ். பிறகு நாட்டுக் குறியீடு, நாணயக் குறியீடு, பதினோரெழுத்து பிஐசி. படிவத்தில் பிஐசியின் ஓர் எழுத்து மாறினாலும் கதை கந்தல்.

பகலில் பணம் பற்றாக்குறையானால் மத்திய வங்கி வட்டியில்லாமல் பகல்நேரக் கடன் தரும், தகுதியான பத்திரங்களை ஈடு வைத்தால். மாலைக்குள் அடைக்க வேண்டும். பத்திரமே கையில் இல்லாத கிளை, காலையில் அடுத்தவர் பணம் வரும் வரை காத்திருக்க நேரிடும். இதைக் கருவூலப் பிரிவோடு முன்கூட்டியே பேசுங்கள்.

இப்போது மென்பொருள். உள்ளே நுழைய ஒரே வாசல் எஸ்மிக் எனும், யூரோ மத்திய வங்கிகளின் பொது நுழைவுத் தளம். அதற்கு ஸ்விஃப்ட் போன்ற அனுமதி பெற்ற நெட்வொர்க் நிறுவனத்தோடு ஒப்பந்தம் வேண்டும். பேமெண்ட் செய்திகள் ஐஎஸ்ஓ 20022 என்ற சர்வதேசத் தர வடிவில் இருக்க வேண்டும். திரையில் நேரடியாக வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் டிஜிட்டல் சான்றிதழ் வாங்குங்கள். விடுப்பில் இருப்பவருக்குப் பதில் ஆள் இல்லாவிட்டால் ஒருவர் உள்ளிட்டதை இன்னொருவர் சரிபார்க்க முடியாமல் போகும். சோதனைத் தளத்தில் தேறிய பிறகுதான் உண்மையான தளம்.

தொடங்கும் நாளைக் குறிக்கும்போது நாள்காட்டியைப் பாருங்கள். சனி, ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர் திங்கள், மே 1, டிசம்பர் 25, 26, ஜனவரி 1 ஆகிய நாட்களில் பேமெண்ட் தீராது. ஃப்ராங்க்ஃபர்ட் நேரப்படி வாடிக்கையாளர் பேமெண்ட் மாலை 5 மணிக்கு முடியும், வங்கிகளுக்கு இடையிலானது 6 மணிக்கு. முதல் நாளாக ஒரு செவ்வாயைத் தேர்ந்தெடுங்கள். சிக்கல் வந்தால் கூப்பிட அந்த வாரத்தில் இன்னும் மூன்று நாள் ஆட்கள் இருப்பார்கள்.