மொத்த வகுப்பா, குழுவா? 53-27 சொல்லிவிடும்

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் தொடங்கப் போகிறீர்கள், முப்பது பிள்ளைகள். முதல் நாள் யோசிக்கவே வேண்டாம், மொத்த வகுப்புதான். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டுகளில் ஒன்றைப் பிரித்து ஒன்றுகளோடு சேர்ப்பதை எல்லோரும் ஒன்றாகப் பார்க்கட்டும், இதையே ஐந்து குழுவுக்கு ஐந்து தடவை சொன்னால் தொண்டைதான் போகும்.

மறுநாள் வந்ததும் 53-27 என்று பலகையில் எழுதி, சிலேட்டில் போடச் சொல்லுங்கள். 26 வந்தால் சரி. 34 எழுதிய பிள்ளை 7-இலிருந்து 3-ஐக் கழித்திருக்கிறது. பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி என்று போன வருஷம் நாம் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறது, பாவம். 36 என்றால் கடன் வாங்கிவிட்டுப் பத்தில் ஒன்றைக் குறைக்கவில்லை. 80 என்றால் அவசரத்தில் கூட்டிவிட்டது. 52-27 மட்டும் கொடுத்துவிடாதீர்கள், முதல் இரண்டு தவறுக்கும் 35தான் வரும், யார் எங்கே சறுக்கினார்கள் என்றே தெரியாது. நான் அப்படி ஏமாந்திருக்கிறேன்.

பாதி வகுப்புக்கு மேல் ஒரே தவறு என்றால் குழு பிரிக்காதீர்கள். நாம் நடத்தியதுதான் போய்ச் சேரவில்லை, மறுபடி எல்லோருக்கும் நடத்துங்கள். தவறுகள் இரண்டு மூன்று விதமாகச் சிதறிக் கிடந்தால்தான் குழு. 34 எழுதிய குழுவோடு குச்சிக் கட்டை எடுத்துக்கொண்டு நீங்களே தரையில் உட்காருங்கள். 36 எழுதிய குழுவுக்குக் குச்சி வேண்டாம், விடையோடு 27-ஐக் கூட்டிப் பார்க்கச் சொன்னால் 63 வரும், அவர்களே விழிப்பார்கள். 26 எழுதியவர்கள் ஒருவருக்கொருவர் கணக்கு கொடுத்துக்கொள்ளட்டும்.

குழு முறை கவிழ்வது பெரும்பாலும் இங்கேதான்: நீங்கள் ஒரு குழுவோடு இருக்கும் பத்து நிமிஷம், மற்றவர்கள் உங்களைக் கேட்காமலே செய்யக்கூடிய வேலை அவர்கள் கையில் இருக்க வேண்டும். அது தயாராக இல்லையா, அன்றைக்குக் குழு வேண்டாம், சத்தம்தான் மிஞ்சும்.

2022-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில்தான் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று ஏற்கனவே பிரித்திருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் மேல்நிலையான மலரில் இருக்கும் பிள்ளையும் இந்தக் கணக்கில் 34 எழுதும். அதனால் இந்தக் குழு இந்தக் கணக்குக்கு மட்டும், தவறு சரியானதும் கலைத்துவிடுங்கள். அப்புறம், ஒன்றிரண்டு பேர் மட்டும் தடுமாறினால் அதற்கென்று குழுவெல்லாம் எதற்கு, மற்றவர்கள் எழுதும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.