பட்டாவில் நான் தவறாகப் படித்த சிறு கோடு

வழக்கறிஞர் அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்த முதல் மாதத்தில் நான் தட்டச்சு செய்த பிராது (வழக்கு தொடுக்கும் மனு), சொத்து விவரம் ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை என்ற குறிப்புடன் நீதிமன்றத்திலிருந்து இருமுறை திருப்பப்பட்டது. சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை என்று நான்கு நாட்கள் கிரையப் பத்திரத்தோடு ஒப்பிட்டும் பிழை அகப்படவில்லை. பரப்பளவை மட்டும், பட்டாவைப் பார்த்தே எழுதியதால், நான் சோதிக்கவில்லை.

பட்டாவில் '0 - 4.50' என்றிருந்தது ஹெக்டேர், ஏர் (ஹெக்டேரில் நூறில் ஒரு பங்கு) என்ற இரு தனி அளவுகள். நடுக்கோட்டைத் தசமப் புள்ளியாக எண்ணி 0.450 ஹெக்டேர் என்று எழுதியிருந்தேன். உண்மையில் அது 0.045 ஹெக்டேர், ஏறத்தாழ 11 சென்ட். பத்திரமும் அதையே சொன்னது.

வழக்குக்கு நீதிமன்றம் இன்னும் எண் தராததால் தனியே திருத்த மனு தேவைப்படவில்லை. பரப்பளவைத் திருத்தி, அவ்விடத்தில் மூத்த வழக்கறிஞரின் சுருக்கொப்பம் பெற்று, கெடுவுக்குள் மறுதாக்கல் செய்தோம். எண் கிடைத்தது, எனக்கும் மூச்சு வந்தது.