சென்னை டிக்கெட் போடுவதற்கு முன்: பிரான்சுக்குப் புதிதாக வந்த புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு

பிரான்சில் வந்து இறங்கி ஆறு மாதம் ஆவதற்குள் சென்னைக்கு விலை குறைந்த டிக்கெட் தேட ஆரம்பித்துவிடுவோம். வீராம்பட்டினம் தேர், மாசி மகம், தங்கச்சி கல்யாணம், பொங்கல் என்று காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. பாரிஸ் புறநகரான சர்செலிலோ லா கூர்னவிலோ இருக்கும் பெரியப்பாவைக் கேட்டால், "ஒண்ணும் ஆவாது, போய்ட்டு வா" என்பார். அவர் சொல்வது அவருக்குச் சரி. 1962 ஆகஸ்ட் 16-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, ஆறு மாத அவகாசத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பம் அது. சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பத்தில் பிறந்து பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு, கார்டுக்கு (தங்கும் அனுமதி அட்டைக்கு) விண்ணப்பித்தவரிடம் தற்காலிகமாகத் தரும் ரெசெபிசே என்ற தாளின் கஷ்டம் தெரிய நியாயமில்லை. உங்களிடம் இருப்பது இந்திய பாஸ்போர்ட். உங்கள் பயணத்தை அந்தத் தாள்தான் தீர்மானிக்கும்.

நாட்டை விட்டுப் போக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். விமானத்தில் ஏறும்போது உங்களை யாரும் தடுக்க மாட்டார்கள். சிக்கல் திரும்பும்போதுதான், அதுவும் பெரும்பாலும் பாரிசுக்கு வருவதற்கு முன்பே, சென்னை விமான நிலையத்திலேயே தொடங்கிவிடும். அதனால் முதலில் உங்கள் கையில் எந்தத் தாள் இருக்கிறது என்று பாருங்கள்.

படிக்க வருகிறவர்களும், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள கணவனோடோ மனைவியோடோ சேர வருகிறவர்களும் பெரும்பாலும் வி.எல்.எஸ்-டி.எஸ் என்ற நீண்ட கால விசாவில் வருவார்கள். இதை வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இணையத்தில் முத்திரைக் கட்டணம் கட்டி உறுதிசெய்ய வேண்டும். செய்துவிட்டால், விசாவில் போட்டிருக்கும் கடைசி நாள் வரை அதுவே உங்கள் கார்ட். எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம். உறுதிசெய்யாமல் 3 மாதம் தாண்டிவிட்டால், பாஸ்போர்ட்டில் இன்னும் ஒன்பது மாதத் தேதி பளபளவென்று தெரிந்தாலும் அதை வைத்துத் திரும்ப முடியாது. உறுதிசெய்த சான்றை அச்செடுத்து பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆளைக் கவிழ்ப்பது இன்னொரு வகை விசா. அதன் குறிப்புப் பகுதியில் "கார்ட் தெ செஜூர் ஆ சொலிசிதே" என்று அச்சிட்டிருக்கும். வந்த 2 மாதத்துக்குள் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பொருள். நல்ல சம்பளத்தில் 'தலான்' என்ற திறமையாளர் பிரிவில் வரும் நம் ஊர் என்ஜினியர் பிள்ளைகளுக்கு இதுதான் அடிக்கடி கிடைக்கிறது. விசா சில வாரங்களில் காலாவதியாகிவிடும், கார்ட் வர மாதங்கள் ஆகும், இடையில் கையில் இருப்பது முதல் விண்ணப்பத்துக்கான ரெசெபிசே. அதைக் கொண்டு பிரான்சில் இருக்கலாம். விசா முடிந்த பிறகு ஊருக்குப் போய்விட்டு அதை மட்டும் காட்டித் திரும்ப முடியாது. வங்கியும் வீட்டுக்காரரும் இதே தாளை ஏற்றுக்கொள்கிறார்களே என்ற தெம்பில்தான் பலர் டிக்கெட் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், கார்ட் கைக்கு வரும்வரை நிச்சயதார்த்தத் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்வேன். வீட்டில் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

புதுப்பிப்பில் நிலைமை கொஞ்சம் இலகு. காலாவதியான கார்டும், புதுப்பிப்புக்கான ரெசெபிசேவும், செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் மூன்றும் சேர்ந்து கையில் இருந்தால் திரும்பி வரலாம். பழைய கார்டை வீட்டு மேஜையில் விட்டுவிட்டுத் தாளை மட்டும் எடுத்துப் போனால் காரியம் கெட்டது. இப்போது பெரும்பாலான புதுப்பிப்பு ஆனெஃப் என்ற அரசு இணையதளத்தில்தான் நடக்கிறது. விண்ணப்பத்தை அனுப்பிய அன்றே ஒரு 'கொன்ஃபிர்மாசியோன்' வரும். அது நீங்கள் விண்ணப்பம் போட்டதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். அதை நம்பிப் பயணம் போக வேண்டாம். பயணத்துக்கு உதவுவது, பரிசீலனை இழுத்தால் அதே தளத்தில் வந்து சேரும் 'அத்தெஸ்தாசியோன் தெ புரோலோங்காசியோன்' என்ற நீட்டிப்புச் சான்று. அதிலும் தேதி உண்டு. ஊரில் இருக்கும்போது அந்தத் தேதி முடியாதா என்று பார்த்துவிட்டே டிக்கெட் போடுங்கள்.

விண்ணப்பிக்க வேண்டிய காலம் கார்ட் முடிவதற்கு 4 மாதம் முன்பிலிருந்து 2 மாதம் முன்பு வரை. ஜனவரி 20-இல் கார்ட் முடிகிறது, பொங்கலை ஊரில் கொண்டாட ஆசை என்று வையுங்கள். செப்டம்பர் 20 வந்ததும் உட்கார்ந்து விண்ணப்பத்தைப் போட்டுவிட வேண்டும். நவம்பர் கடைசியில் போட்டுவிட்டு ஜனவரியில் பறக்க நினைப்பது நடக்காது. எந்தப் பயணமும் கார்டின் கடைசி நாளைத் தாண்டாமல் இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. நேரத்தோடு போய் நேரத்தோடு வருவதே மேல்.

பிள்ளைகளை மறந்துவிடுகிறோம். பிரான்சில் பிறந்தாலும், தாய் தகப்பன் இருவரும் இந்தியக் குடிகள் என்றால் பிள்ளை பிறந்த உடனே பிரெஞ்சுக்காரர் ஆகிவிடாது; வயதும் வசித்த காலமும் சேர்ந்து 13 வயதுக்குப் பிறகுதான் அந்தப் பேச்சே. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு கார்ட் கட்டாயம் இல்லை என்பதால் பிள்ளைக்கு எதுவும் வேண்டாம் என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். திரும்பி வர அந்தப் பிள்ளைக்கு தெ.சே.எ.எம் எனப்படும் சிறுவர் பயண ஆவணம் தேவை. அதிகபட்சம் 5 ஆண்டு செல்லும். அது இல்லாமல் முத்தியால்பேட்டைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தால், பிள்ளையை அழைத்துவர மறுபடி விசா வாங்க வேண்டியிருக்கும். பள்ளி விடுமுறை ஜூலையில் என்றால் குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

அகதி அந்தஸ்துள்ள ஈழத்து நண்பர்களும் சொந்தக்காரர் கல்யாணத்துக்குத் தமிழ்நாடு வருகிறார்கள். அவர்களுக்கு பிரெஃபெக்சூர் (கார்ட் வழங்கும் மாவட்ட அரசு அலுவலகம்) தரும் பயண ஆவணமும், அதில் இந்திய விசாவும் வேண்டும். அந்த ஆவணத்தை வைத்து இலங்கைக்குப் போக முடியாது. புகலிடக் கோரிக்கை இன்னும் முடிவாகாதவர்கள் அசையாமல் இருப்பதே நல்லது.

வழித்தடமும் முக்கியம். கையில் கார்டுக்குப் பதில் தாள் இருந்தால் நேராக பாரிசில் இறங்கும்படியோ, துபாய், தோஹா போன்ற இடங்களில் மாறி பாரிசில் இறங்கும்படியோ டிக்கெட் போடுங்கள். ஃபிராங்ஃபர்ட் வழியாக வந்தால் ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகளின் பொது) எல்லைச் சோதனை ஜெர்மன் அதிகாரியிடம். பிரெஞ்சு பிரெஃபெக்சூர் தாளை அவருக்கு நீங்கள் விளக்க வேண்டிவரும். லண்டன் வழி இன்னும் மோசம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே விமானம் மாறவே விசா கேட்பார்கள். செல்லுபடியாகும் ஐரோப்பிய கார்டுக்கு விலக்கு உண்டு, தாளுக்கு அதை எதிர்பார்க்காதீர்கள்.

சென்னை கவுன்டரில் நிற்கும் பெண் பிடிவாதக்காரர் இல்லை. ஆவணம் சரியில்லாதவரை ஏற்றிவந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம், அதனால் பயப்படுகிறார். புதுச்சேரியிலிருந்து கார் பிடித்து ஈ.சி.ஆர் வழியாகக் கடைசி நிமிடத்தில் போய் இறங்காமல், மேலாளரை அழைத்துப் பேசுவதற்கும் நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ரெசெபிசே மூலத்தாளும் பழைய கார்டும் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.

ஊரில் கார்ட் தொலைந்துவிட்டால் முதலில் காவல் நிலையத்தில் புகார். தமிழ் எழுத்துப் பிரதி மட்டும் போதாது, ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ மொழிபெயர்ப்பும் வாங்குங்கள். பிறகு ஃபிரான்ஸ்-விசாஸ் தளத்தில் திரும்பும் விசாவுக்கு விண்ணப்பம். மரைன் தெருவில் கான்சுலேட் இருக்கிறது, நேரே போய் வாங்கிவிடலாம் என்று கிளம்ப வேண்டாம். முன்பதிவு இல்லாமல் நடக்காது, உங்களுக்கு உண்மையில் கார்ட் இருந்ததா என்று பிரெஃபெக்சூரிடம் கேட்டுச் சரிபார்க்கவும் நாள் பிடிக்கும். கார்டின் இரு பக்கமும் மின்னஞ்சலில் இருந்தால் இந்த வேலை பாதியாகும்.

இனி, யாருக்கும் வரக்கூடாத நிலை. முதல் ரெசெபிசே கையில், அம்மா ஜிப்மரில். அவசரச் சூழலில் பிரெஃபெக்சூரே திரும்பும் விசா தர முடியும், ஆனால் அது விதிவிலக்கு, உரிமையாகக் கேட்க முடியாது. மருத்துவர் கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஆங்கிலக் கடிதத்தை ஊரில் உள்ளவர்களை வைத்து அன்றே வாங்குங்கள். அதில் நோயாளி பெயர், சேர்த்த தேதி, நிலைமை மூன்றும் இருக்க வேண்டும். உங்கள் பிறப்புச் சான்றிதழில் அம்மா பெயரும் மருத்துவக் கடிதத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். இனிஷியல் மாறி நிற்பது நமக்குப் புதிதில்லை. பதில் வராமலே கிளம்பினால், புதுச்சேரியிலிருந்து புதிய விசா எடுத்துத்தான் திரும்ப வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகலாம். அப்படியும் போகிறவர்கள் இருக்கிறார்கள், தப்பென்று நான் சொல்ல மாட்டேன். போகிறதென்றால் வேலை கொடுத்தவரிடம் விடுப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, வீட்டு வாடகை ஒப்பந்தத்தை முறிக்காமல், சம்பளச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போங்கள். புது விண்ணப்பத்தில் அவை எல்லாம் கேட்பார்கள்.